லீலா வீட்டு முன் ரூம்

கொடைக்கானலில் பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல்கள் வெளியூர்க்காரர்களுக்கு. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல்கள் உள்ளூர்க்காரர்களுக்கு. இப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரு காட்டேஜில் அறை கூட்டி, மெத்தை விரித்து, பாத்ரூம் கழுவிவந்த லீலாவுக்கு அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு வாளியும் துடைப்பமுமாகப் போய்க் கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து தூக்கக் குரலில் “அப்புறம் வா” என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் “அப்புறம் வாம்மா” என்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி தட்டினால் இரண்டு வகையினருக்கும் ஒரே எரிச்சல்தான். முந்தின நாள் தான் இழுத்து விரித்த மெத்தையில் யாரோ புரளும் சத்தத்தை வராந்தாக் குளிரில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் பொன்னுச்சாமிக்கு ஜீப் ஓட்டுகிற தொழில். சுற்றுலா வருகிறவர்களை மன்னவனூர், கூக்கால் என்று சுற்றிக் காட்டுவான். வளைவுக்கு ஒரு கதை சொல்வான். அந்த வளைவு வந்து சேர்வதற்குள் அவனே செய்த கதைகள்தான் அதில் பாதி. எதைக் கேட்டாலும் “அதுக்கென்ன, ஆயிரும்” என்று சொல்லிவிடுவது அவன் பழக்கம். ஏரி எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

லீலாவின் அப்பா மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் பூண்டு விவசாயம் பார்த்தவர். சாகும் முன்பு, கொடைக்கானல் ஓரத்தில் ஒரு சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கி மகள் பேரில் பத்திரம் எழுதிவைத்துவிட்டுப் போனார். சாலையிலிருந்து நாற்பத்தொரு படி கீழே இறங்க வேண்டும். ஆடுகூட யோசித்துத்தான் காலை வைக்கும். ஆனால் இறங்கி நின்றால் கண்ணுக்கு முன்னால் பள்ளத்தாக்கு அப்படியே கெடக்கும். அந்த இடத்தில்தான் மூன்று வருஷமாகக் கல்லும் மண்ணும் தலைச்சுமையாக இறக்கி வீடு எழும்பியது. முன்பக்கம் இரண்டு ரூம், ஒரு ஹால், சமையல்கட்டு. இவையெல்லாம் ஹோம் ஸ்டே விருந்தாளிகளுக்கு. பின்னால் மண்மேட்டை ஒட்டித் தகரம் போட்ட ஒற்றை அறை. அது புருஷன், பெண்டாட்டி, மகள் சௌம்யா மூவருக்கும்.

லீலா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஜீப்புக்கும் வயதாகிவிட்டது, ஓட்டுகிறவனுக்கும் முதுகு வலி. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

“பால் காச்சுற அன்னைக்கு ராத்திரி நாமதான் முன் ரூம்ல படுக்கணும். மறுநா வெள்ளனே எந்திரிச்சு நானே பெட்ஷீட்ட மாத்திக் குடுத்துருறேன். அதுக்கப்புறம் யாரு வந்து படுத்தாலும் எனக்கு அதுல சோலியில்ல.”

“அதுக்கென்ன, படுத்தாப் போச்சு,” என்றான் பொன்னுச்சாமி.

அவன் சொன்ன வேகத்திலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினாலும் சில நேரம் நம்பிக்கை வந்து தொலைக்கிறது.

பத்திரிகை அடித்தார்கள். அதில் ‘லீலா இல்லம்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. படிகளின் உச்சியில் சாலையோரம் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் பொன்னுச்சாமி கறுப்புக் கண்ணாடி போட்டு ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றான். லீலாவின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. அதுவும் ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது. வீட்டு முகப்பில் பெயர்ப்பலகை ஒன்று செய்தித்தாள் சுற்றிக் காத்திருந்தது. பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

புது மெத்தைகள் வந்தன. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. முன் ரூமில் சோப்பு, சின்ன ஷாம்பு பாக்கெட், தேத்தண்ணி கெட்டில் எல்லாம் அடுக்கியாயிற்று. முதல் நாள் சாயங்காலம் பொன்னுச்சாமி இரண்டு வெள்ளை டவலைக் கொண்டுவந்து நீட்டினான். “காட்டேஜ்ல செய்வியே, அன்னப்பறவை மாதிரி, அப்பிடி மடிச்சு வையி. போட்டோவுக்கு.” லீலா மடித்து வைத்தாள். இரண்டு அன்னமும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்திருந்தன. நாளை ராத்திரி இதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் காலை ஆறரைக்கு. சனி, ஞாயிறோடு திங்களும் சேர்ந்து விடுமுறை வருகிற வாரம். பழனியிலிருந்து பொன்னுச்சாமியின் அக்கா தமயந்தி வந்து இறங்கினாள். மலையடிவாரத்தில் அவளுக்குப் பூஜைச் சாமான் கடை. நெற்றி நிறைய விபூதியும் தலையில் மங்கி குல்லாவுமாக வந்தவள், ஒரு பெட்டி பஞ்சாமிர்தத்தோடு குலை தள்ளிய இரண்டு வாழை மரங்களையும் வேனில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். “இங்க ஒங்க ஊர்ல கெடைக்கிறது வாழையா? குச்சி. நம்ம பக்கத்து வாழை கட்டுனாத்தான் வாசலுக்கு லட்சணம்.” அவற்றைப் படியுச்சியில் இரண்டு பக்கமும் கட்டினார்கள்.

கவுஞ்சியிலிருந்து லீலாவின் அண்ணன் திருமலைச்சாமி முப்பது பேரோடு லாரியில் வந்தார். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, பூண்டு மூட்டை, கேரட் மூட்டை என்று பிறந்த வீட்டுச் சீர் நாற்பத்தொரு படியும் தலைச்சுமையாக இறங்கியது. வாழையைப் பார்த்ததும் அவர் நின்றார்.

“மாப்ள, பால் காச்சி முடிச்சதும் இத அவுத்துருங்க. குலை வாசத்துக்குக் காட்டுமாடு வந்துரும்.”

“அதுக்கென்ன மச்சான், அவுத்துருவோம்,” என்றான் பொன்னுச்சாமி.

பசுமாட்டை இறக்கியதுதான் அன்றைய பெரிய கூத்து. முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் மூன்று பேர் தள்ள, படிக்குப் படி நின்று யோசித்து அது வந்து சேர்ந்தது. ஹாலில் டைல்ஸ் கெட்டுவிடக் கூடாது என்று பொன்னுச்சாமி தார்ப்பாய் விரித்திருந்தான். மாடு தார்ப்பாயைத் தாண்டிப் போய், பளபளவென்று இருந்த இடமாகப் பார்த்துச் சாணி போட்டது. “மகாலட்சுமி வந்துட்டா,” என்று தமயந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் தம்பி பினாயில் பாட்டிலோடு வந்துவிட்டான்.

நாத்தனார் என்ற முறையில் தமயந்திதான் பாலை ஊற்றினாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கியதை எல்லோரும் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். லீலா சீர் விளக்கை ஏற்றி முன் ரூமில் ஜன்னலோரம் வைத்தாள். அன்றிரவு முழுக்க அது அணையாமல் இருக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் அங்கேயே படுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தேங்காய்ப் பழத்தட்டு எடுக்கப் போனபோது, பொன்னுச்சாமி ஐயரை ஓரங்கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

“சாமி, இன்னைக்கு ராத்திரி நாங்க இந்த வீட்லதான படுக்கணும்? எந்த ரூமுன்னு சாஸ்திரத்துல ஏதும் இருக்குங்களா?”

“கூரைக்குக் கீழ படுத்தாச் சரி.”

“தகரமும் கூரைதானங்க?”

ஐயர் அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். அரிசியை மூட்டை கட்டினார். லீலாவுக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் தாம்பூலம் கொடுக்கிற வேலையில் அதை மறக்கப் பார்த்தாள்.

பெயர்ப்பலகையைப் பிரித்தார்கள். ‘கிளவுட் நெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே ஒரு பறவைக்கூடு. ‘லீலா இல்லம்’ பத்திரிகையோடு சரி.

“யாரு மாப்ள இது, உங்க ஆளுகளா?” என்று கேட்டார் திருமலைச்சாமி.

“யாவாரப் பேரு மச்சான். லீலான்னு போட்டா எவன் வருவான்?”

பக்கத்தில் லீலா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பெயர் வெளியே இருக்கிற சங்கதி. தான் படுக்கப் போவது உள்ளே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சுற்றிப் பார்ப்பது என்றால் குறை கண்டுபிடிப்பது. பாத்ரூம் இந்த மூலையில் வரலாமா, சமையல்கட்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும், இவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தால் குளிருமே என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அந்தக் குளிருக்குத்தான் வெளியூர்க்காரர்கள் காசு கொடுக்கிறார்கள் என்று சௌம்யா சொன்னாள். யாரும் நம்பவில்லை. கால் வலிக்குது என்று மெத்தையில் உட்காரப் போனவர்களைப் பொன்னுச்சாமி, “புதுசு, புதுசு” என்று கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பிவிட்டான். வாய் சிரித்தது, கை விடவில்லை. தன் சொந்த அக்காவையே இரண்டு முறை எழுப்பினான். வந்த ஜனம் அத்தனையும் ஹால் தரையில் ஜமக்காளத்தில் சுருண்டு உட்கார்ந்து, நான்கு பேர் படுக்கிற மெத்தைகளைக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்குப் பந்தி. அதற்குப் பிறகுதான் பொன்னுச்சாமிக்கு என்னவோ ஆயிற்று. சாம்பார் விழுந்த இலையில் ரசத்துக்குக் காத்திருக்காமல் பாயசத்தை ஊற்றினான். ஒருவர் மோர் கேட்டபோது கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தான். “வெரசா, வெரசா. ரெண்டு மணிக்கு மேல மிஸ்ட்டு எறங்கிரும். மலைப்பாத பாருங்க, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” கவுஞ்சியில் பிறந்து மூடுபனியில் வளர்ந்தவர்களிடம் போய் இதைச் சொன்னான். திருமலைச்சாமி அப்பளத்தைப் பாதி கடித்தபடி மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்தார்.

“மாப்ள, நாங்க இன்னைக்குத் தங்கிட்டுக் காலைல போலாம்னு வந்துருக்கோம்.”

“அய்யய்யோ, பூண்டு தோட்டத்தை யாரு பாக்குறது?” என்றான் பொன்னுச்சாமி. அவன் குரலில் அத்தனை அக்கறை. அந்தப் பூண்டு அறுவடையாகி அவன் வீட்டுத் திண்டில் மூட்டையாகக் கெடந்ததை மறந்துவிட்டான்.

ஒன்றேகால் மணிக்குத் தாம்பூலப் பையைக் கொடுத்துக் கொடுத்து ஆட்களைப் படியேற்ற ஆரம்பித்தான். லீலா முன் ரூமுக்கு வந்து பார்த்தாள். ஜன்னலோரம் விளக்கு இல்லை. மெத்தை மேல் அன்னங்கள் மட்டும் இருந்தன. அவற்றைச் சுற்றி ரோஜா இதழ்கள் தூவியிருந்தன. பின்பக்கம் போனாள். தகர அறையில், சிமெண்ட் மூட்டைகளுக்கும் அண்டாவுக்கும் நடுவே அவள் பிறந்த வீட்டுக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஏங்க, விளக்க யாரு இங்க கொண்டாந்தது?”

“அங்க காத்தடிக்குது லீலா. அணைஞ்சிட்டா அபசகுனம்ல.”

கண்ணாடி ஜன்னல் தாழ்போட்டுக் கெடந்தது. அவள் அதைச் சொல்ல வாயெடுக்கும்போது மேலே சாலையிலிருந்து கூச்சல் கேட்டது. படியேறிய கூட்டம் முழுக்கத் திபுதிபுவென்று இறங்கி ஓடிவந்தது. முன்னால் தமயந்தி, மங்கி குல்லா கண்ணை மறைத்தும் அவள் வேகம் குறையவில்லை.

வாழை மரத்தைப் பொன்னுச்சாமி அவிழ்க்கவில்லை. படியுச்சியில் காட்டுமாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. கொடைக்கானலில் காட்டுமாடு தெருவில் நடப்பது புதிதில்லை. ஒதுங்கி நின்றால் அது பாட்டுக்குப் போய்விடும். ஆனால் இது போகிற வேலையில் இல்லை. கறுத்த உடம்பை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, முதல் வாழையின் குலையை நிதானமாகச் சுவைத்தது. ஃப்ளெக்ஸில் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்த பொன்னுச்சாமியின் முகத்தை ஒரு தரம் நக்கிப் பார்த்து, ருசி பிடிக்காமல் விட்டுவிட்டது.

“நான்தான் அவுக்கச் சொன்னேன்ல மாப்ள,” என்றார் திருமலைச்சாமி.

“இல்ல மச்சான், வர்றவங்க பாத்தா கொஞ்சம் கிராண்டா இருக்கும்னு...”

“வர்றவங்கன்னா யாரு? அதான் எல்லாரும் வந்து தின்னாச்சே.”

அதற்குள் சௌம்யாவின் கையிலிருந்த போன் அடித்தது. ஃப்ளெக்ஸில் போட்டிருந்தது அவள் நம்பர்தான். பேசிவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பா, ஈரோட்டுல இருந்து ஆனந்த்னு ஒருத்தரு. ரெண்டு மணிக்கு செக்-இன்னாம். மூணு நாளைக்கு முழு வீட்டயும் நீங்க புக் பண்ணிக் குடுத்திருக்கீங்களாம். மேல கார்ல உக்காந்துருக்காங்க. மாடு நிக்குதுன்னு பயப்படுறாங்க.”

பொன்னுச்சாமி அன்றைக்கு முதல் தடவையாக அவசரப்படாமல் நின்றான்.

“லாங் வீக்கெண்டு லீலா,” என்றான். “முதல் போணி. நல்ல நாள் பாத்து வருதே, தட்டலாமா? நாம எங்க படுத்தா என்ன, அதுவும் இதே வீடுதான? ஐயர்கிட்டகூடக் கேட்டுட்டேன்.”

“ஏலே, கூடப் பொறந்தவள மெத்தையில உக்காரவிடாம வெரட்டுனது இதுக்குத்தானா?” என்றாள் தமயந்தி. அவள் மானப் பிரச்சினை அவளுக்கு.

லீலாவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பத்தொன்பது வருஷம் வராந்தாவில் காத்திருந்ததைவிட இந்தச் சின்ன ரூம் வாசலில் நின்ற அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அங்கே துரத்தியவர்கள் யாரோ. இங்கே தாலி கட்டியவன்.

சமையல்கட்டுக்குப் போய் அரிவாள்மனையில் கை வைத்தாள். பொன்னுச்சாமி ஒரு அடி பின்னால் போனான். அவள் அதை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன் ரூமுக்குள் நுழைந்தாள். மெத்தையின் பிளாஸ்டிக்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கிழித்தாள். சரக்கென்று கேட்ட அந்தச் சத்தம் பொன்னுச்சாமியின் நெஞ்சில்தான் போய் விழுந்திருக்கும். ரோஜா இதழ்கள் டைல்ஸில் கொட்டின. அடுத்த ரூமுக்கும் போய்க் கிழித்தாள். தகர அறையிலிருந்து விளக்கைத் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தாள்.

“மதினி, அந்த ரூம்ல போய்ப் படுங்க. அண்ணே, ஹால்ல எல்லாரும் காலை நீட்டுங்க. ராத்திரிக்குப் பூண்டுக் கொழம்பு வைப்போம். யாரும் எங்கயும் போவல.”

மாடு மேலே இரண்டாவது வாழைக்கு வந்திருந்தது. போக நினைத்தாலும் யாரும் போக முடியாது. கவுஞ்சிக்காரர்கள் விருப்பத்தோடு படுத்தார்கள்.

நான்கு மணி சுமாருக்கு அது தண்டைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுச் சோலைக்காட்டுப் பக்கம் நடந்தது. ஆனந்த், அவன் மனைவி, அம்மா மூன்று பேரும் உருளைப் பெட்டிகளைப் படிக்குப் படி டொக் டொக் என்று இறக்கிக்கொண்டு வந்தார்கள். லீலா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். குங்குமம் கொடுத்தாள். இலை போட்டு, ரசத்துக்கு ரசம், மோருக்கு மோர் என்று முறையாகப் பரிமாறினாள். அன்று அந்த வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கை கழுவிவிட்டு ஆனந்த் கேட்டான். “போட்டோல அந்தப் பள்ளத்தாக்கு வியூ ரூமப் பாத்தோம். அத ரெடி பண்ணிட்டீங்களா?”

“அதுல ஆள் இருக்காங்க சார்.”

“அதெப்படி? நாங்கதான முதல் கெஸ்ட்னு சொன்னாரு. யாரு இருக்காங்க?”

“நான்தான்.”

அவன் பொன்னுச்சாமியைப் பார்த்தான். பொன்னுச்சாமி சுவரில் இல்லாத விரிசலை ஆராய்ந்தான். லீலா தான் வேலை பார்க்கிற காட்டேஜின் மேனேஜருக்குப் போன் போட்டாள். எவ்வளவு கூட்டமானாலும் முதலாளியின் சொந்தக்காரருக்கென்று அங்கே ஒரு நல்ல ரூம் காலியாகவே கெடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தினமும் அதைத் துடைக்கிறவள் அவள்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு உதவி கேட்டாள். கிடைத்தது.

“ஜன்னல் பள்ளத்தாக்கப் பாத்துத்தான் இருக்கும் சார். நேத்துதான் நான் பெட்ஷீட்டு மாத்துனேன். இவரே ஜீப்புல கொண்டாந்து விடுவாரு. நாளைக்கு ராத்திரி இங்க வாங்க.”

ஆனந்த் முகம் சுளித்தான். இப்படிச் செய்தால் ரிவ்யூவில் எழுதுவேன் என்றான். அவன் அம்மா மட்டும் விளக்கு எரிந்த ரூமை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, “வாடா, பால் காச்சுன வீடு,” என்று தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள்.

பொன்னுச்சாமி அவர்களை விட்டுவிட்டுத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். ஹாலில் கால் வைக்க இடமில்லை. இரண்டாவது ரூமில் தமயந்தியின் குறட்டை. தகர அறை ஒன்றுதான் காலி. முன் ரூம் கதவு சாத்தியிருந்தது. அவன் தயங்கித் தயங்கித் தட்டினான்.

உள்ளே லீலா ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பனி ஏறி வந்துகொண்டிருந்தது. கீழே ஏதோ ஒரு ஊரில் ஒற்றை விளக்கு எரிந்தது. தட்டுகிற சத்தம் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“லீலா, நான்தான். கதவத் தெற.”

அவள் மெத்தையில் நன்றாகப் புரண்டு படுத்தாள்.

“அப்புறம் வாங்க,” என்றாள்.